மல்லி உட்கார்ந்தால் திரும்பிவிடுவோம்

எங்கள் மலை நடைகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். என் நாய் மல்லி வழியில் உட்கார்ந்துவிட்டால் திரும்பிவிடுவோம். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் சரி, அதற்காக விடிவதற்கு முன்பே எழுந்து வெகுதூரம் வண்டி ஓட்டி வந்திருந்தாலும் சரி. என் இன்னொரு நாய் கறுப்பன் கயிற்றை முன்னால் இழுப்பான். என் தங்கை உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாள். ஆனால் யாரும் வாதாட மாட்டோம்.

மல்லிக்கு இப்போது வயது 11. செவலை நிறம், 18 கிலோ, வலது காது மட்டும் மடிந்து தொங்கும். முகவாயெல்லாம் நரைத்துவிட்டது. கறுப்பனுக்கு மூன்று வயது, 24 கிலோ. மார்பில் ஒரு வெள்ளைப் பொட்டைத் தவிர உடம்பு முழுக்கக் கறுப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது இவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மலைப்பாதைக்கோ காட்டுப்பாதைக்கோ போய்விடுவேன். கூடாரம் போட்டுத் தங்குவதில்லை. காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற நடைதான்.

சட்டம் வந்த கதை ஏழு வருடங்களுக்கு முந்தையது. அப்போது மல்லிக்கு நான்கு வயது, துள்ளல் மிகுந்த பருவம். அன்று வெயிலே இல்லை. வானம் மூடியிருந்தது, காற்றில் ஈரம் கனத்திருந்தது. வெயில் இல்லாததால்தான் நான் ஏமாந்தேன். மரங்கள் நெருக்கமாக நின்ற பள்ளத்தாக்கு வழியாகப் பாதை ஏறியது. ஓர் இலைகூட அசையவில்லை. மல்லி கயிறு இல்லாமல் எனக்கு முன்னால் ஓடுவாள், வளைவில் மறைவாள், திரும்பி வந்து என் முழங்காலை மூக்கால் தொட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். நான் ஆறு கிலோமீட்டர் ஏறியிருந்தால் அவள் பத்தாவது ஓடியிருப்பாள். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாளே என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பாதி ஏற்றத்துக்கு மேல் அவள் நாக்கு மாறிவிட்டது. வழக்கமாக நீளமாகத் தொங்கும் நாக்கு அன்று அகலமாகி, நுனி கரண்டிபோல் மேல்நோக்கிக் குழிந்திருந்தது. வாயோரம் காதுவரை இழுத்துக்கொண்டிருந்தது. எச்சில் சொட்டுச் சொட்டாக விழாமல் பிசின்போல் நூலிழுத்தது. களைத்துவிட்டாள், மேலே போய் உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மேலே போய்! கொஞ்ச நேரத்தில் அவள் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னின. ஒரு வேரைத் தாண்டத் தெரியாமல் அதன்மேல் நின்று ஆடினாள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன், குடிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள், ஆனால் அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை.

கீழே கடந்துவந்த ஓடை எவ்வளவு தூரம் என்று பார்ப்பதற்காக நான் இரண்டடி நகர்ந்தேன். நான் புறப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நிற்க முடியாத அந்தக் கால்களை ஊன்றி எழுந்து என் பின்னால் வந்தாள்.

அந்த இரண்டடியை நான் மறக்கவே முடியாது. நாயோடு நடக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நாய் போதும் என்று சொல்லாது. நீங்கள் நடக்கும்வரை அதுவும் நடக்கும். உடம்பு முடியாது என்று சொன்ன பிறகும் நடக்கும். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் கயிற்றின் இந்தப் பக்கம் இருப்பவருடையது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். ஆழமில்லாத இடத்தில் படுக்கவைத்து, வயிறு, அக்குள், தொடையிடுக்கு, கழுத்து என்று கையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். என் சட்டையைக் கழற்றி விசிறினேன். பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ, அவள் கண் என்னைத் தேடித் திரும்பியது. அதற்குப் பிறகுதான் வண்டியை நோக்கி நடந்தேன், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு. கால்நடை மருத்துவர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "இங்கே வந்த பிறகும் 40 டிகிரிக்கு மேல் இருக்கிறதம்மா. தண்ணீர் ஊற்றாமல் நேராக வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் வழியிலேயே போயிருக்கும்" என்றார். அவள் பிழைத்தாள். சிறுநீரகத்துக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று இரண்டு வாரம் ரத்தப் பரிசோதனை நடந்தது. எதுவும் ஆகவில்லை.

நாயின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்குக் காய்ச்சல் என்று சொல்கிற அளவில்தான் அவை எப்போதும் இருக்கின்றன. 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். ஆக, நல்ல நிலைக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு டிகிரிதான். நம்மைப்போல் உடம்பு முழுக்க அவற்றுக்கு வியர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. இரைப்பதுதான் அவற்றின் வழி. நாக்கிலும் வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. எவ்வளவு வேகமாக இரைத்தாலும் பயன் கிடையாது; இரைக்கிற தசைகளே இன்னும் சூட்டைக் கிளப்பும். வெயில் இல்லாத, காற்று அசையாத அந்தப் பள்ளத்தாக்கில் மல்லிக்கு நடந்தது அதுதான். மூக்கு சப்பையான இனங்களுக்கு இந்த வழியும் பாதி அடைபட்டது. பக் நாயையோ புல்டாக்கையோ செங்குத்தான ஏற்றத்துக்குக் கூட்டிப்போவதாக யாராவது சொன்னால், வேண்டாம் என்று நான் கெஞ்சியே கேட்பேன்.

ஈரத்துணியைப் போர்த்திவிடும் பழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள். துணி சீக்கிரமே உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு அதை வெளியே விடாமல் போர்வைபோல் மூடிவிடும். தண்ணீரை நேராக உடம்பில் ஊற்றுவதும், காற்று படச் செய்வதும்தான் சரி. முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது. இந்த வரிசை மாறக்கூடாது.

அந்த நாளுக்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, மல்லியை உட்காரவைத்து, தண்ணீர் காட்டி, ஈறைப் பார்ப்பேன். மேலுதட்டைத் தூக்கி ஈறில் விரலால் ஒருமுறை அழுத்தினால் வெளுக்கும். விரலை எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் பழைய ரோஜா நிறம் திரும்ப வேண்டும். செங்கல்போல் சிவந்திருந்தாலோ, வெளுத்துப்போயிருந்தாலோ, தொட்டால் உலர்ந்து ஒட்டினாலோ அன்றைய நடை முடிந்தது. இப்படி இரண்டு மூன்று வருடம் போனது. ஒருநாள் நான் சொல்லாமலே அவளாக ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்து, முதுகுப்பையைப் பார்த்தாள். தண்ணீர் வேண்டும் என்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது. பிறகு வந்த வருடங்களில் தண்ணீர் குடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். அதன் அர்த்தம் வேறு. அதையும் புரிந்துகொண்டேன்.

கறுப்பனுக்கு இந்தப் பாஷை இன்னும் வரவில்லை. அவன் உட்காரவே மாட்டான், அதனால் அவனைத்தான் அதிகம் கவனிக்கிறேன். கறுப்பு ரோமம் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும்; திறந்த பாறைவெளியில் பத்து நிமிடம் நடந்துவிட்டு அவன் முதுகைத் தொட்டால் அடுப்பில் வைத்த கல்போல் சுடும். இன்னோர் அடையாளம் இருக்கிறது, எங்கும் படித்ததல்ல, இவர்களோடு நடந்து நடந்து கண்டுகொண்டது. நாய் மோப்பம் பிடிப்பதை விட்டுவிட்டால் அதற்கு முடியவில்லை என்று பொருள். நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கு மேல். காட்டுப்பாதை அவற்றுக்கு ஒவ்வோர் அடியிலும் செய்தி நிறைந்த இடம். இரவில் யார் கடந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள், பயந்து போனார்களா என்று அத்தனையும் அந்தச் சருகில் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு நாய் தலையைத் தொங்கப்போட்டுப் பாதையின் நடுவிலேயே நேராக நடந்தால், அது நமக்காக நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் மோப்பம் பிடிக்க நின்றால் நான் அவசரப்படுத்துவதில்லை. ஒரு புதரின் ஒரே இலையை மல்லி இரண்டு நிமிடம் முகர்ந்ததுண்டு. மேலிருந்து கீழாக முகர்வாள், பிறகு இலையின் பின்பக்கம், பிறகு காம்பு. மூச்சை உள்ளே இழுக்கும்போது நாசி விளிம்பில் இருக்கும் சிறு பிளவு விரிவதும், வெளியே விடும்போது அந்தப் பிளவு வழியாகக் காற்று பக்கவாட்டில் போவதும், கீழே கிடக்கும் மெல்லிய சருகுத்தூள் இரண்டு பக்கமும் விலகுவதும் குனிந்து பார்த்தால் தெரியும். புதுக்காற்றும் பழைய காற்றும் கலந்துவிடாமல் அந்த மூக்கு வேலை செய்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து, நடை என்றால் உச்சியைத் தொடுவது என்ற நினைப்பு என்னிடமிருந்து போய்விட்டது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். மலை நடைக்கு நேரக் கணக்குப் போட, 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி ஒன்று இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. தட்டையான பாதையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் பாதை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். நாய்களோடு போகும்போது அதோடு பாதியைச் சேர்த்து நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். வெயில் ஏறுவதற்குள் ஏற்றத்தை முடித்துவிட வேண்டும் என்பதால் புறப்படும் நேரத்தை இந்தக் கணக்குதான் சொல்லும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஆறரை டிகிரி குறையும் என்பது சராசரிக் கணக்கு. மேலே குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பி இறங்குவது நடுப்பகலில் சூட்டுக்குள்ளே. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சும்மா வீட்டில் இருக்கும் நாய்க்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி வேண்டும். மல்லிக்கு அது ஒரு லிட்டருக்கு அருகில் வருகிறது. ஏற்றம் ஏறும்போது அதற்கு மேல். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்று மூன்று லிட்டரை அவர்களுக்கென்றே சுமக்கிறேன், என் தண்ணீர் தனி. வழியில் ஓடை இருக்கிறதே என்று நம்பிப் போவதில்லை. ஓடும் ஓடை பரவாயில்லை. தேங்கிய குட்டையை இருவரும் முகர்வதற்குக்கூட விடமாட்டேன். எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுவிடுகிறேன், வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு சேர்த்து. இதைவிடக் கொடியது நீலப்பச்சைப் பாசி. வெயில் காலத்தில் அசையாத நீரின்மேல் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் படர்ந்திருக்கும். அதில் நஞ்சு இருந்தால், நீந்திவிட்டு வந்து ரோமத்தை நக்கிக்கொள்ளும் நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும்.

நம் பையில் நாம் கொறிப்பதற்கு வைத்திருப்பதும் அவற்றுக்கு ஆகாது. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் கெடும் என்பதற்கு உறுதியான அளவும் கிடையாது. சாக்லேட்டும் ஆகாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் இன்னும் மோசம். தங்கை முன்பெல்லாம் உலர்திராட்சை கலந்த பொட்டலத்தைக் கொண்டுவருவாள். ஒருமுறை அது பாறையில் சிந்தியது. கறுப்பனின் வாய்க்குள் விரலை விட்டு இரண்டு திராட்சையை வெளியே எடுத்தேன். அதோடு அந்தப் பொட்டலம் வருவது நின்றது.

இனி பாதம்.

ஏற்றத்தில் நமக்கு மூச்சு வாங்குவதால் ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். நாய்க்கு இறக்கம்தான் சோதனை. சமதரையில் நிற்கும்போதே அதன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. செங்குத்தாக இறங்கும்போது அதைவிட அதிக எடை அங்கே வந்து விழும். தோள், மணிக்கட்டு, நகம், பாத மெத்தை எல்லாம் அந்த அடியை வாங்கும். எலும்பு முற்றாத குட்டிகளை இதற்குக் கொண்டுவரக்கூடாது. பெரிய இன நாய்களுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூட ஒன்றரை வயதுவரை ஆகும். கறுப்பனை இரண்டு வயதுவரை சமதரைக் காட்டுப்பாதைக்கு மட்டும்தான் அழைத்துப்போனேன். வீட்டுக்குள் அவன் சுவரேறிக் குதித்தாலும் மனம் இளகவில்லை.

அவனுடைய முதல் பெரிய இறக்கத்தில்தான் அது நடந்தது. முகட்டிலிருந்து சரளைக்கல் சரிவு, மூன்று கிலோமீட்டர். கீழே வந்து உட்கார்ந்தபோது பாறையில் சிவப்பாக ஒரு பூப்போல் தடம் பதிந்திருந்தது. நான்கு இதழும் நடுவே ஒரு பெரிய இதழுமாக, அழகாகக்கூட இருந்தது. அது இரத்தம் என்று புரிய ஒரு கணம் ஆனது. வலது முன்னங்காலின் பெரிய மெத்தையில் மேல்தோல் காசளவுக்கு உரிந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் இளஞ்சிவப்பாக ஈரச்சதை. எப்போது கிழிந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் நொண்டவே இல்லை. காலைத் தூக்கிப் பார்த்தபோதுதான், இப்போது வலிக்கலாம்போலிருக்கிறது என்று நினைத்தவன்போல மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டான்.

சுத்தமான தண்ணீரால் கழுவி, விரலிடுக்குகளில் பஞ்சு வைத்து, காஸ் துணி சுற்றி, அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜைக் கட்டினேன். இறுக்கிக் கட்டினால் பாதம் வீங்கிவிடும், ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அதற்குமேல் பாதக்காலுறை ஒன்றை மாட்டினேன். அந்தக் காலுறையை ஒன்றரை மாதம் வீட்டிலேயே மாட்டிப் பழக்கியிருந்ததால்தான் அன்று அவன் அதை உதறவில்லை. மலையில் வைத்து முதன்முறை மாட்டினால் எந்த நாயும் நடக்காது. மீதிப் பாதையில் நானும் தங்கையும் மாறி மாறி அவனைத் தூக்கினோம். 24 கிலோ உயிரைத் தோளில் வைத்துக்கொண்டு வேர்களில் கால்வைத்து இறங்குவது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது பையில் மடித்துவைக்கும் தூக்குப்பட்டை ஒன்று எப்போதும் இருக்கும். அதில் இருவரையும் வீட்டில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். உங்கள் நாயை உங்களால் எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடக்க முடியும் என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தத் தூரம்தான் நீங்கள் துணையில்லாமல் தனியாகப் போகக்கூடிய ஆழம் என்பது என் கணக்கு.

1875-இல் சிங்கெல் என்ற பெண் நாய் ஆல்ப்ஸில் மோன் பிளாங்கின் உச்சிக்கே ஏறியிருக்கிறாள், 4,800 மீட்டருக்கு மேல், மலையேறி கூலிட்ஜோடு. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் உயரத்தைச் சொல்கிறார்கள். எனக்கு அவள் பாதம் நான்கையும் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றும். மாலையில் யார் அதைத் துடைத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பாறையின் சூடு பற்றி ஒரு சொல். புறங்கையைப் பாறைமேல் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவற்றின் பாதமும் அங்கே வைக்கத் தகுந்ததல்ல. அவ்வளவுதான்.

கயிறு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மல்லியைக் கயிறில்லாமல் விட்ட அந்தக் காலத்தோடு அது முடிந்தது. இப்போது இருவருக்கும் மார்புப்பட்டை, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கயிறு, என் இடுப்புவாரில் மாட்டியது. பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருளும் கயிற்றை மலைக்குக் கொண்டுவராதீர்கள். அது மரத்தில் சுற்றும், எதிரே வருபவரின் காலைத் தடுக்கும், வெறுங்கையால் பிடித்தால் அறுத்துவிடும். கயிறு நம் நாய்க்காக மட்டுமல்ல. தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கின்றன. குட்டியை மறைத்துவைத்துவிட்டுப் போன மான் இருக்கிறது. ஒரு நாய் விளையாட்டாக விரட்டிய அந்த இரண்டு நிமிடம், தாய்க்கும் குட்டிக்கும் விளையாட்டல்ல.

எதிரே ஆள் வந்தால் நாங்கள்தான் ஒதுங்குவோம். பாதையை விட்டு இரண்டடி தள்ளி, கயிற்றைக் குறுக்கி, இருவரையும் உட்காரவைத்துவிடுவேன். நாயைக் கண்டு பயப்படுபவர்களும் மலையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார். "ஐயா, நீங்கள் போங்கள், நான் பிடித்திருக்கிறேன்" என்றேன். அவர் கடந்துபோய், பத்தடி தள்ளித் திரும்பிப் பார்த்து, "சின்ன வயதில் கடிபட்டேன் தாயே, அதுதான்" என்றார். என் நாய் ஒன்றும் செய்யாது என்ற வாக்கியத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன். அந்த வாக்கியம் அவருக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது.

மாடுகள் மேயும் வெளியைக் கடக்க நேர்ந்தால் கன்றுகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறேன். இருந்தால் சுற்றிப் போவேன். மாடு துரத்தவே துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். இதைச் சொன்னால் பலரும் அதிர்ச்சியடைகிறார்கள். மாட்டின் கோபம் நாய்மேல்தான். நாய் வேகமாக ஓடித் தப்பிவிடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்தான் மிதிபடுகிறார். இதற்காகவே இடுப்புவாரில் ஒரே இழுப்பில் கழலும் கொக்கி போட்டிருக்கிறேன்.

பாம்பு தீண்டினால் கட்டுப்போடுவதோ கீறுவதோ கூடாது, நடக்கவும் விடக்கூடாது. தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போவது ஒன்றுதான் வழி. இதுவரை எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. பாதை விட்டுப் புதருக்குள் தலையை நுழைக்க விடாததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கழிவைப் பையில் எடுத்துக்கொண்டு திரும்புகிறேன். பொட்டலத்தைக் கட்டிப் பாதையோரம் வைத்து, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று போகிறவர்களை அறிவேன். திரும்பும்போது வேறு வழியில் இறங்கிவிடுவார்கள், பொட்டலம் அங்கேயே கிடக்கும். மூடி இறுகும் ஒரு சிறு டப்பா பையின் வெளியே தொங்குகிறது, வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நான் படுப்பதற்கு முன் உண்ணி பார்த்துவிடுவேன். இது எனக்குப் பிடித்த நேரம். முற்றத்தில் விளக்கைப் போட்டு, மல்லியின் தலையை மடியில் வைத்துக்கொள்வேன். கண்ணால் பார்த்தால் போதாது, விரல்நுனிதான் கண்டுபிடிக்கும். காதின் உள்மடிப்பு, இமையோரம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலின் அடி. அரிசி அளவில் ஏதாவது நெருடினால் ரோமத்தை விலக்கி, நுனி கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டித் தலையைப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் தீயால் சுடுவதும் கூடாது. உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிவிடும். பல நோய்க்கிருமிகள் உண்ணியிலிருந்து நாய்க்கு ஏற மணிக்கணக்கில் ஆகும் என்பதால் அன்றிரவே எடுத்துவிடுவது பெரிய பாதுகாப்பு. கறுப்பன் தன் முறைக்காக வரிசையில் நிற்பவன்போல் பக்கத்தில் படுத்திருப்பான். மல்லி பாதியிலேயே தூங்கிவிடுவாள். அவள் கால்கள் தூக்கத்தில் ஓடும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பல மாதமாக மனத்தில் வைத்திருந்த ஒரு முகட்டுக்குப் போனோம். காற்று நன்றாக வீசியது, பாறை குளிர்ந்திருந்தது. எல்லாம் நல்லபடியாக இருந்தது. உச்சிக்கு இருபது நிமிடம் மிச்சம் இருக்கும். கடைசி மரத்தின் நிழலில் மல்லி நின்றாள், தண்ணீர் குடித்தாள், பிறகு பின்னங்காலை ஒருபக்கமாகச் சாய்த்து மெல்ல உட்கார்ந்தாள். ஈறு ரோஜா நிறத்தில்தான் இருந்தது, மூச்சு அமைதியாகத்தான் இருந்தது. இடுப்பு வலிக்கிறது, அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடுப்பைத் தடவினேன். தங்கை எதுவும் சொல்லாமல் முதுகுப்பையைக் கழற்றினாள்.

அங்கேயே சாப்பிட்டோம். அந்த இடத்திலிருந்து ஒரு பக்கத்துப் பள்ளத்தாக்கு மட்டும்தான் தெரிந்தது. மேகத்தின் நிழல் காட்டின்மேல் மெதுவாக நகர்ந்துபோனதை மல்லி மூக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அவளாகவே எழுந்து, உடம்பை ஒருமுறை உதறி, பாதையின் இறங்கும் பக்கம் திரும்பி நின்றாள். கறுப்பன் உச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அவனும் திரும்பினான்.